கழன்று தொங்கிய சைலன்சர்

பழைய பைக்கிற்கு வாங்கி மாட்டிய புதுச் சைலன்சர் மூன்றாவது முறையாகக் கழன்று தொங்கியது. இத்தனை நாளும் சைலன்சரைக் குழாயோடு இறுக்கும் வளையமான கிளாம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது: எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயின் வெளிவிட்டம் 38 மி.மீ., சைலன்சர் வாயின் உள்விட்டம் 40. போதாததற்கு வாயில் வெட்டுப்பிளவே இல்லை. பிளவு இருந்தால்தானே தகடு நெருங்கிக் குழாயைக் கவ்வும்?

துருவை உப்புத்தாளால் தேய்த்து, 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு உறையை இடைவெளியில் செருகி, வாயில் நான்கு பிளவுகள் அறுத்தேன். பின்பக்கத் தாங்கியையும் கிளாம்பையும் முதலில் தளர்வாகவே மாட்டினேன். சைலன்சர் இழுபறியின்றி நேராக உட்கார்ந்த பிறகே இறுக்கினேன். எடையைச் சுமக்க வேண்டியது தாங்கி, கிளாம்பு அல்ல. எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி ஸ்பானர் வைத்தால் நட்டு இன்னும் கால் சுற்று உள்ளே போகிறது!