ஷேப்-1 இலிருந்து எச்4 வரை

பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், மெடிக்கல் அன்று நமக்கு ஒரு வலியும் இருக்காது. முட்டி வீங்கியிருந்தாலும் "ஃபிட் சார்" என்று நிமிர்ந்து நிற்போம். முழுத் தகுதி என்று கொடுக்கும் ஷேப்-1 மருத்துவ வகை போனால் பிரமோஷனும் போய்விடுமே. கையால் பெடல் சுற்றும் ஹேண்ட்சைக்கிள் ஓட்ட வந்த இடத்தில் அந்தப் பழக்கம்தான் என் காலை வாரிவிட்டது.

பட்டாளத்தில் இருந்தபோது வண்டி உருண்டதில் முதுகுத்தண்டில் டி11, அதாவது மார்புப் பகுதியில் மேலிருந்து பதினோராவது எலும்பு, போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தண்டுவடம் அடிபட்ட படைவீரர்களுக்காக 1974 முதல் இயங்கும் புனே கிர்க்கி மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் பழைய ஹேண்ட்சைக்கிளில் முதன்முதலாகப் படுத்தேன். ஆமாம், படுத்துத்தான் ஓட்ட வேண்டும். பெடல் நெஞ்சுக்கு எதிரே இருக்கும், இரண்டு கையும் ஒன்றாகச் சுற்றும். ரோட்டில் தெருநாயும் நாமும் நேருக்கு நேர். அதனால் உயரமாக ஒரு கொடி கட்டாமல் இறங்கியதே இல்லை.

மூன்றாவது வாரம் சாக்ஸைக் கழற்றினால் குதிகால் உரிந்து ரத்தம். கால்தாங்கியில் உரசியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. ஆறுவதற்கு ஏழு வாரம் ஆனது. அன்றிலிருந்து இறங்கியதும் முதல் வேலை, கண்ணாடி வைத்துக் குதிகாலையும் பிட்டத்தையும் பார்ப்பது. எத்தனை நிமிடத்தில் ஓட்டினேன் என்பதெல்லாம் அப்புறம்தான்.

முதல் சர்வதேசப் போட்டிக்கு முன்பு வகைப்பாட்டுச் சோதனை, யார் எந்தப் பிரிவில் ஓட்டலாம் என்று உடலைப் பார்த்து முடிவு செய்வது. எச்1 முதல் எச்5 வரை பிரிவுகள். எண் கூடக்கூட உடலில் இயக்கம் அதிகம். தண்டுவடக் காயம் டி1 முதல் டி10 வரை என்றால் பொதுவாக எச்3, அதற்குக் கீழே எச்4. எனக்கு எல்லைக்கோடு. மருத்துவக் காகிதங்களை முன்பே அனுப்பியிருந்தோம். மேசையில் கிடத்தி, ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அப்புறம் உட்காரவைத்துத் தோளைத் தள்ளினார்கள். என்னை அறியாமல் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. பிசியோ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் மடியில் வைத்தார். அடுத்த தள்ளலில் அப்படியே சாய்ந்தேன், அவரே தாங்கிக்கொண்டார். இருபது வருஷ சர்வீஸில் யார் முன்னாலும் அப்படிச் சரிந்ததில்லை, காது சூடாகிவிட்டது.

அதற்காக முடியாததுபோல் நடிக்கவும் கூடாது. கண்டுபிடித்தால் தடைதான். நடிக்கிறவன் பந்தயத்தில் மாட்டிக்கொள்வான், அங்கேயும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எச்4 கொடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரயலில் கடைசியிலிருந்து மூன்றாவது. இறங்கியதும் கண்ணாடியை எடுத்தேன். குதிகால் சுத்தம்.