டஸ்டர் கோட்: காடா துணியிலிருந்து புழுதி வரை

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படம் ஒரு பாழடைந்த ரயில் நிலையத்தில் தொடங்கும். அங்கே காத்திருக்கும் மூன்று பேரும் ஏறக்குறைய கணுக்கால் வரை தொங்கும் வெளிர் பழுப்பு கோட் போட்டிருப்பார்கள். டஸ்டர் என்று பெயர். அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். உடல், கை, காலர் முடிந்துவிட்டன. காஜாவும் பழசாக்கும் வேலையும் பாக்கி.

வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் எனக்குப் பிடித்த உடைகள் நிறைய இருக்கின்றன. 'டூம்ஸ்டோன்' (1993) படத்தில் ஏர்ப் சகோதரர்கள் கறுப்பு கோட்டில் நடந்து வருவது ஒன்று. 2010இல் வந்த 'ட்ரூ கிரிட்'டில் உடை வடிவமைப்பாளர் மேரி ஸோஃப்ரஸ், செத்துப்போன அப்பாவின் கோட்டையும் தொப்பியையும் கதாநாயகியான சிறுமிக்கு மாட்டிவிட்டிருப்பது இன்னொன்று. இருந்தாலும் முதலில் டஸ்டரை எடுத்ததற்குக் காரணம், லியோனியின் படத்தில் கோட்டே கதையை நகர்த்துகிறது. ஒரு குடும்பத்தையே கொன்ற கூட்டம், பழி வேறொரு கூட்டத்தின் மேல் விழவேண்டும் என்று அவர்கள் போடும் டஸ்டரையே போட்டு வருகிறது. அரங்கம், உடை இரண்டையும் கவனித்தவர் கார்லோ சீமி ஒருவரே. மரப்பலகையும் துணியும் ஒரே வெயிலில் கிடந்து வெளுத்த மாதிரி தெரிவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

டஸ்டர் சினிமாக்காரர்கள் கற்பனை செய்ததில்லை. ரயிலிலும் கோச்சு வண்டியிலும் போகிறவர்கள் கரியும் புழுதியும் நல்ல உடையில் படாமல் இருக்க மேலே போட்டுக்கொண்ட மெல்லிய லினன் கோட் அது. 1876 செப்டம்பர் 7 அன்று மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த ஜேம்ஸ்-யங்கர் கூட்டமும் இதைத்தான் போட்டிருந்தது. அடியில் துப்பாக்கி இருப்பது வெளியே தெரியாது பாருங்கள்.

இன்று கடைகளில் டஸ்டர் என்று விற்பதில் பல, தோளை மூடும் இன்னொரு துணி அடுக்கு (கேப்) வைத்த, மழைக்கு மெழுகு பூசிய ஆஸ்திரேலிய கோட்டின் சாயல். கனமாக, பளபளப்பாக இருக்கும். அது எனக்கு வேண்டாம். நான் எடுத்தது லினனும் பருத்தியும் கலந்த துணி, 58 அங்குல அகலத்தில் நான்கு மீட்டர். முழு லினன் அழகுதான், ஆனால் மடிப்புகள் ரொம்பக் கூர்மையாக விழும். கலப்புத் துணி கொஞ்சம் தொளதொளவென்று விழுகிறது, படத்தில் இருப்பதற்கு அதுதான் நெருக்கம்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடா துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கோட்டின் வெட்டு நம் சட்டை வெட்டு மாதிரி இல்லை. தோள் தையல் தோளின் மேல் ஓடாமல் முதுகுப் பக்கம் சாய்ந்து இறங்கும். கை ஒரே துண்டு கிடையாது. மேல்கை, கீழ்க்கை என இரண்டு துண்டாக, முழங்கையில் லேசாக வளைந்து வரும். கை நுழையும் வளைவு அக்குளுக்குப் பக்கத்தில், மேலே இருக்கும். இதன் பலன் காடா மாதிரியிலேயே தெரிந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி கடிவாளம் பிடிப்பது போல வைத்தால் கோட் மேலே ஏறவே இல்லை, இருந்த இடத்தில் இருந்தது.

அதிக நேரம் எடுத்தது பின்பக்க வெட்டு, அதாவது கோட்டின் பின்னால் கீழிருந்து மேலே போகும் திறப்பு. குதிரையில் காலைப் பரப்பி உட்கார்ந்தால் கோட் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் தொங்க வேண்டும். நடக்கும்போதோ காற்றில் விரிந்துவிடாமல் மூடியிருக்க வேண்டும். அதனால் வெட்டை இருக்கைக்கு மேல் வரை கொண்டுபோய், ஒரு ஓரத்தில் இரண்டு அங்குலப் பட்டி உள்ளே மடித்து, மேல் முனையில் சின்ன முக்கோணமாகக் கைத்தையல் போட்டேன். இழுவை முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் விழும். பைக்கில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு தொடையின் மேலும் சமமாகப் பிரிந்து, முழங்காலை மூடி இறங்கியது. அப்படி ஒரு சந்தோஷம்! திரையில் அத்தனை தடவை பார்த்த, கோட் விழும் அந்த விதம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் கைக்குப் பிடிபட்டது.

உள்ளே போடும் கால்சட்டைக்கு பெல்ட் மாட்டும் வளையம் வைக்கப்போவதில்லை. லீவைஸ் ஜீன்ஸிலேயே அது 1922இல்தான் வந்தது. அதற்கு முன் சஸ்பெண்டர் (தோளில் மாட்டும் பட்டை) பொத்தானும் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டையும்தான். வெஸ்டர்ன் படம் பார்க்கும்போது என் கண் முதலில் போவது இடுப்புக்குத்தான்.

பழசாக்குவதை வெட்டி மிஞ்சிய துண்டுகளில் சோதித்தாயிற்று. முதலில் துவைத்து கஞ்சியை எடுக்க வேண்டும். பாக்கெட் வாய், கை விளிம்பு, காலர் மடிப்பு மூன்றிலும் உப்புத்தாளால் இழை லேசாக எழும்பும் வரை தேய்க்க வேண்டும். அப்புறம் டீ டிகாஷனில் நனைத்து நிழலில் காயவிட வேண்டும். கடைசியில் முல்தானி மட்டி. சினிமாவில் புழுதிக்குப் பயன்படுத்துவதும் இதே வகை மண்தான். முழுக் கோட்டிலும் ஒரே அளவாகத் தடவினால் மாவு கொட்டிய மாதிரி இருக்கும். குதிரைக் குளம்பு கிளப்பும் மண் கீழ் ஓரத்தில் அடர்த்தியாக, முழங்கால் வரை போகப் போகக் குறைந்து படியும். தோளில் லேசாக மட்டும்.

காஜா போடும் அண்ணனிடம் இந்த வாரம் கொடுக்கிறேன். பொத்தானுக்குக் கொம்பு நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறேன், மேலே மூன்றும் பின்வெட்டுக்கு இரண்டும்.