கண்ணகை அம்மன் வாசலில் ஊரெல்லாம் வேலை

வைகாசி பிறந்துவிட்டால் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பின் தென்கரையில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். வயலைக் காய வைத்து, கிணற்றை இறக்கி, உதட்டை வெடிக்கச் செய்யும் அனல் காற்று அது. அந்தக் காலத்தில்தான் இங்கே கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்குகிறது. பல கோயில்களில் ஆண்டு முழுவதும் சாத்தியிருக்கும் மூலக்கதவு இந்த மாதத்தில்தான் திறக்கப்படும். பட்டிமேடு, தம்பிலுவில், காரைதீவு, வீரமுனை, கல்முனை, கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, முதலைக்குடா, மகிழடித்தீவு, வந்தாறுமூலை என்று அம்மன் குடியிருக்கும் ஊர்களையெல்லாம் ஒரே மூச்சில் அழைக்கும் பழைய காவியப் பாடல் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. வாத்தியார் கற்றுத்தராத புவியியலை அந்தப் பாட்டில்தான் நான் முதலில் படித்தேன்.

மதுரையை எரித்த பிறகும் ஆறாத கோபத்தோடு வந்தவளைக் குளிர்விப்பதே இந்தச் சடங்கின் உயிர்நாடி. அதனால்தான் நிறைவு நாளுக்குக் குளிர்த்தி என்று பெயர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தத் தொடர்பின் வழியாகவே சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகவும், நாங்கள் கண்ணகையாகவும் வணங்கி வருகிறோம். வடக்கில் பல கண்ணகி கோயில்கள் பிற்காலத்தில் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கில் அவள் பெயர் மாறவில்லை. கோவலனுக்காக நீதி கேட்ட அந்தப் பெண்ணே இங்கே இன்றும் தாய். அம்மை கண்டாலும், மழை பொய்த்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் எங்கள் வாயில் முதலில் வருவது அவள் பெயர்தான்.

இம்முறை காரைதீவுச் சடங்குக்கு மாமியோடு போனேன். அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மட்டக்களப்பில் காலை பஸ் ஏறினால் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் தாண்டி, வெற்றிலைக்குப் பேர்போன களுதாவளையைக் கடந்து, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊருக்கு ஊர் தொட்டபடியே போகலாம். இந்தப் பாதையில் கோயிலும் பள்ளிவாசலும் மாறி மாறி வரும். காரைதீவில் மாமியின் தங்கை வீடு இருக்கிறது. சடங்கு முடியும்வரை அங்கே தங்கினோம்.

காரைதீவில் சடங்கு கடலில் தொடங்குகிறது. ஊர் கூடிக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வந்து, அதன் பிறகே கண்ணகியின் திருமணத்துக்கான கல்யாணக்கால் நடுவார்கள். கடலுக்குப் போகும் அந்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல்தான் எழுந்து வந்து இந்தக் கரையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. காரைதீவிலும் அந்த இழப்பு இல்லாத தெரு அரிது. ஊர்வலத்தில் என் பக்கத்தில் வந்த அம்மா ஒருவர், அலை தொடும் இடத்துக்கு நாலு எட்டு முன்பாகவே நின்றுவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தீர்த்தக் குடம் திரும்பி வந்தபோது முன்னால் வந்து, குடத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கடலிடமிருந்தே அம்மனுக்கு நீர் வாங்கும் வழக்கத்தை இந்த ஊர் கைவிடவில்லை என்பதை நினைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

இந்தச் சடங்கில் என்னை மிகவும் கட்டிப்போட்டது ஒன்று உண்டு. இங்கே வேடிக்கை பார்ப்பவர் என்று யாரும் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் கோயில்களில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் உண்டு, பூசை செய்யும் கப்புகனார் உண்டு, தாய்வழிக் குடிகளுக்கு அவரவர் பங்கும் முறையும் உண்டு. அதற்கு வெளியேயும் ஆயிரம் வேலை. பந்தலுக்குக் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, கொண்டுவருபவர் ஒருவர். வேப்பிலை ஒடிப்பவர் ஒருவர். வெள்ளைத் துணி கட்டுவது ஒரு குடும்பத்தின் உரிமை. அந்தக் குடும்பத்தில் யாரேனும் கொழும்பில் வேலையாக இருந்தால் லீவு போட்டு வந்துவிடுவார். வராவிட்டால் வேலை நின்றுபோகும் என்பதால் அல்ல. தன் பங்கை இன்னொருவர் செய்வதை அவரால் தாங்க முடியாது என்பதால்.

அம்மன் பொங்கலுக்கு நெல்லுக் குற்றும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பொங்கல் அரிசியை மில்லில் கொடுத்து வாங்குவதில்லை. பெண்கள் கூடி உரலில் குற்றுகிறார்கள். நான் பார்த்த உலக்கைகளில் ஒன்று, பிடிக்கும் இடத்தில் மட்டும் விரல் பதியும் அளவுக்குத் தேய்ந்து, மினுமினுவென்று இருந்தது. எத்தனை தலைமுறை உள்ளங்கை பட்டதோ. ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதலில் தாளம் தவறியது, உலக்கைகள் முட்டிக்கொண்டன. பக்கத்தில் சுளகோடு இருந்த ஆச்சி அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “மூச்சைப் பார்த்துப் போடுங்கள் பிள்ளைகள், கையைப் பார்க்க வேண்டாம்” என்றார். சற்று நேரத்தில் இருவருக்கும் ஒரே மூச்சு வந்துவிட்டது. மாமியும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் உலக்கையை வாங்கிக்கொண்டார். நேர்த்தி நிறைவேறியதைவிட அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் முகத்தில் அதிக வெளிச்சம் தந்தது.

இரவில் கண்ணகி வழக்குரை என்னும் காவியத்தைப் படிக்கிறார்கள். வரம்பெறு காதையில் தொடங்கி, கப்பல் வைத்து, கடலோட்டி, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் போய் வெடியரசனோடு பொருதும் கதை எல்லாம் வந்து, கலியாணம், பிரிவு, கொலைக்களம் என்று போய் வழக்குரைத்த காதையில் பாண்டியன் முன் நிற்கும். இந்தக் கடலோட்டுக் கதை சிலப்பதிகாரத்தில் கிடையாது. ஈழத்துக் கரையில் பிறந்த கற்பனை அது. படித்த பெரியவரிடம் இருந்தது ஏடு அல்ல, கையெழுத்துக் கொப்பி. அட்டை இரண்டுதரம் மாற்றித் தைக்கப்பட்டிருந்தது. ஓரங்களில் வேறு வேறு மையில் திருத்தங்கள். ஏட்டில் இருந்ததைத் தன் அம்மப்பா எழுதி எடுத்தார் என்றும், எழுத்து மங்கிய இடங்களைத் தான் மேலெழுதியதாகவும் சொன்னார். அவருக்குப் பின்னால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, வாய்க்குள்ளே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தான். பெரியவர் இருமியபோது வரி அறுந்துபோகவில்லை. பையன் எடுத்துக் கொடுத்தான்.

பேணுதல் என்று நான் நம்புவது இதைத்தான். ஏட்டைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது மிகவும் அவசியம். நூலகம் நிறுவனம் போன்றவர்கள் ஈழத்து எழுத்துகளை அப்படிக் காப்பாற்றி வருவதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த இராகத்தையும், எந்த வரியில் உடுக்கு நிற்க வேண்டும் என்பதையும் அந்தப் பையனின் தொண்டைதான் காப்பாற்றும்.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் மறைக்க முடியவில்லை. கரையோரத்தில் வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், சின்ன ஓட்டுக் கூரைக் கோயில் ஒன்று இருந்தது. கம்பீரமான மரத்தூண்கள், மணல் பரப்பிய முன்றில், கிழக்கே பெரிய வேம்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு பணம் அனுப்பினார்கள். அவர்கள் நல்ல மனதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் கோயில் இடிக்கப்பட்டது. கொங்கிறீட் மண்டபம் வந்தது, தரைக்கு மாபிள் வந்தது, வேம்பு தறிக்கப்பட்டது. வைகாசி வெயிலில் இப்போது அந்தத் தரையில் கால் வைக்க முடியவில்லை. பாய் விரித்து நடக்கிறார்கள். குளிர்விக்க வேண்டிய அம்மனின் முற்றம் கொதிக்கிறது. மணல் முன்றில் தண்ணீரை உறிஞ்சி நிலத்துக்குக் கொடுத்தது, விழுந்து கும்பிட இடம் கொடுத்தது, குழந்தைகளுக்கு விளையாட இடம் கொடுத்தது. அது வறுமையின் அடையாளம் என்று யார் சொன்னார்கள்?

சட்டம் வந்து காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று கணக்கில் எடுக்கிறது. நம் பூட்டன் காலத்துத் தூணும் கதவும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வராது. உரலும் உலக்கையும் கொப்பியும் வரவே வராது. அவற்றை வைப்பதும் விடுவதும் கோயில் கூட்டத்தில் கை உயர்த்தும் ஊரவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே திருப்பணி என்று பேச்செடுத்தால் முதலில் செய்ய வேண்டியது, இருப்பதைப் படம் எடுத்து, அளந்து எழுதி வைப்பது. அடுத்து, ஊரில் மூத்தவர்களிடமும், குறிப்பாகக் கூட்டங்களில் வாய் திறக்காத பெண்களிடமும், எதை மாற்றக் கூடாது என்று கேட்பது. என்ஜினியரிடம் போவது அதற்குப் பிறகு.

காரைதீவுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கு அருகில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த இல்லத்தையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம். 1892 மார்ச் 27இல் மயில்வாகனனாக இங்கே பிறந்தவர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைக்குறிப்புகளைத் துருவி, வழக்கொழிந்துபோன யாழை ஆராய்ந்து யாழ் நூல் எழுதினார். அது 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். கண்ணகை கோயில் உடுக்கும் வழக்குரைப் பாட்டும் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை சிலம்பின் இசையைத் தேடிப்போனதில் எனக்கு வியப்பே இல்லை. அந்த இல்லத்தை ஊர் பேணி வைத்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோயிலில் கழற்றும் அதே உணர்வு வந்தது.

குளிர்த்திக்கு முந்திய மாலை, கோயில் வீதியில் இளைஞர்கள் சாக்குகளோடு இறங்கினார்கள். யாரும் அறிவித்ததாகத் தெரியவில்லை. நிலக்கடலைக் கோது, கப், போத்தல், பொலித்தீன் என்று தனித்தனிச் சாக்கில் பிரித்துப் போட்டார்கள். கடைக்காரர் ஒருவர் தன் கடைக்கு முன்னால் தானே கூட்டிவிட்டு அவர்களுக்குச் சோடா கொடுத்தார். தாகசாந்திப் பந்தலில் பிளாஸ்டிக் கப்புக்குப் பதிலாகக் கழுவிக் கழுவிக் கொடுக்கும் எவர்சில்வர் பேணிகள். அதைக் கழுவுவதற்கென்றே சிறுவர் கூட்டம் ஒன்று, ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு. அன்னதானத்தில் இன்னும் பொலித்தீன் தாள்தான் போகிறது. வாழையிலையோ தாமரை இலையோ வந்தால் அம்மன் மகிழ்வாள் என்று அங்கேயே ஒரு பெரியவரிடம் சொன்னேன். தாமரைக் குளங்கள் சுற்றிலும் இருக்கின்றன, பறித்துக் கொடுக்க ஆள் சேர்த்தால் போதும் என்றார் அவரும். அதுவும் யாராவது ஒரு குடியின் பங்காகிவிட்டால் பிறகு நிற்காது.

குளிர்த்தி இரவில் யாரும் தூங்கவில்லை. தெருவெல்லாம் பாய் விரித்துக் குழந்தைகள் மட்டும் சுருண்டு கிடந்தார்கள். விநாயகப் பானை எழுந்தருளி, பொங்கல் பொங்கி, கிழக்கு வெளுக்கும் வேளையில் குளிர்த்திப் பாடல் தொடங்கியது. அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சளும் வேம்பும் மணக்கும் நீர் தலைகளுக்கு மேலாக வந்து விழுந்தது. என் முகத்தில் பட்ட துளியைத் துடைக்க மனம் வரவில்லை. அம்மா, ஊரைக் குளிர வை, எங்கள் நிலத்தைக் குளிர வை என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. எனக்கென்று எடுத்துவைத்திருந்த வேண்டுதல்கள் எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று, பொத்துவில் போகும் பஸ்கள் காரைதீவுச் சந்தியில் நிற்கும். அம்பாறையிலிருந்து வருபவர்களும் அதே சந்தியில் இறங்கலாம். சடங்கு நாட்கள் வைகாசித் திங்களைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் மாறும் என்பதால் முன்கூட்டியே ஊரவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்த்திக்குப் பிறகு எட்டாம் நாளில் எட்டாம் சடங்கும் உண்டு. நெரிசல் இல்லாமல் கும்பிட நினைக்கும் முதியவர்களுக்கு அந்த நாள் வசதி. வெயில் கடுமையாக இருக்கும். தண்ணீர்ப் போத்தலைக் கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவாருங்கள். பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்பட்டால் முதலில் படிப்பவரிடம் கேளுங்கள். பதிவு செய்ததில் ஒரு பிரதியை அவருக்கும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.