உரிந்துபோன கதிரைகளும் கழற்றித் துவைக்கும் உறைகளும்

வருமான வரி விபரத்திரட்டுகளை ஒப்படைக்க வேண்டிய நவம்பர் 30 நெருங்கும்போது, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறிய கணக்கு அலுவலகத்தில் ஒரு கதிரையும் வெறுமையாக இராது. அப்படியொரு வெள்ளிக்கிழமை காலையில், கோயிலில் இருந்து நேரே வந்த முதியவர் ஒருவர் அரை மணி நேரம் அமர்ந்து கோப்புகளில் கையொப்பமிட்டுவிட்டு எழுந்தபோது, அவருடைய வெள்ளை வேட்டியின் பின்புறம் முழுவதும் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. "பரவாயில்லை பிள்ளை, தட்டினால் போய்விடும்" என்று அவர் சொன்னார். ஆனால் வியர்வையோடு ஒட்டிய அந்தச் செதில்கள் தட்டத் தட்ட இன்னும் நுணுங்கித் துணிக்குள் புகுந்தன. அவர் படியிறங்கிப் போகும்வரை எனக்கு மனம் கூசிக்கொண்டே இருந்தது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு கதிரையாகத் தடவிப் பார்த்தேன். பதினொரு கதிரைகளில் ஒன்பதில் மேற்தோல் உரிந்திருந்தது.

வாங்கும்போது அவற்றை 'லெதர்' கதிரைகள் என்றுதான் சொல்லி விற்றார்கள். உண்மையில் அது தோல் அன்று. நெய்த துணியொன்றின் மேல் பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளை மெல்லிய படலமாகப் பூசி, தோலைப் போன்ற வரிகளை அதில் பதித்திருக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் இந்தப் படலத்தின் இரசாயனப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. பாடசாலையில் நாம் நீர்ப்பகுப்பு என்று படித்த தாக்கம்தான் இது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில், ஆண்டின் பெரும்பகுதி காற்று நசநசவென்று இருக்கும் கொழும்பில், பகலில் வளிச்சீராக்கி ஓடி இரவில் நின்றுபோகும் ஓர் அறையில், அந்தப் படலம் வெடித்து உரிவதில் வியப்பில்லை. தலை படும் இடத்திலும் கை படும் இடத்திலும் எண்ணெயும் வியர்வையும் சேர்வதால் அங்கேதான் முதலில் உரிகிறது. பழைய றெக்சின் இருக்கைகள் கெடும் விதம் வேறு: அவை நெகிழ்ச்சியை இழந்து, விறைத்து, பிளந்துபோகும், இப்படிச் செதில் செதிலாக உதிர்வதில்லை. நாங்கள் சரியாகத் துடைக்காததால்தான் கதிரைகள் இப்படியாயின என்று அதுவரை என்னை நானே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு துடைத்தாலும் மெருகு பூசினாலும் ஒரு நாள் உரியத்தான் போகிறது என்று அறிந்த பிறகு, துடைப்பதை விட்டுவிட்டு மூடுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு இறக்குமதிக் கதிரைகளின் விலையைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. எங்கள் கதிரைகளின் இரும்பும் சில்லுகளும் ஏற்றி இறக்கும் தண்டும் நல்ல நிலையில் இருக்கும்போது, மேலே பூசிய ஒரு படலம் போனதற்காக முழுக் கதிரையையும் வீசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மொறட்டுவைக்கோ பஞ்சிகாவத்தைக்கோ அனுப்பிப் புதிதாகத் துணி அடிப்பிக்கலாம். அந்த வேலையைச் சிறப்பாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வண்டி பிடிக்க வேண்டும், சில நாள்கள் கதிரையில்லாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்த துணியைக் கழற்ற முடியாது. பலகையின் அடியில் ஸ்டேப்ளர் பின் வைத்து அடித்தபின், அதன்மேல் ஊறும் வியர்வையும் சிந்தும் தேநீரும் அங்கேயே தங்கிவிடும். வியர்க்கும் ஊரில் வாழும் நாம் தலையணை உறையைக் கழற்றித் துவைக்கிறோம், படுக்கை விரிப்பை மாற்றுகிறோம், ஆனால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அமரும் இருக்கையை மாத்திரம் ஆண்டுக்கணக்காகத் துவைக்காமல் விடுகிறோம். ஆகவே நான் தேடியது பார்வைக்குப் புதிதாக இருக்கும் கதிரையை அன்று, கழற்றித் துவைக்கக்கூடிய கதிரையை.

இந்தத் தேவையை நம்மவர்கள் எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். அரச அலுவலகங்களில் மேலதிகாரியின் கதிரை முதுகில் விரித்திருக்கும் துவாயைப் பலர் பதவியின் அடையாளமாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது கழற்றித் துவைக்கும் உறையின் மிக எளிய வடிவமாகத் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்கள் தலைக்குப் பூசிய மக்காசர் எண்ணெய் கதிரைகளின் முதுகில் கறையாகப் படிந்ததால், அங்கே ஒரு சிறு துணியைப் போடும் வழக்கம் ஏற்பட்டு, அந்தத் துணிக்கு 'அன்ரிமக்காசர்' என்றே பெயரும் வந்தது. நம் வீடுகளில் செற்றிகளின் முதுகில் கிடக்கும் பின்னல் துணி அதன் வழிவந்ததுதான். தேங்காய் எண்ணெய் பூசும் தலைகளுக்கு அது இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.

முதலில் கடையில் ஆயத்தமாக விற்கும் இழுபடும் உறைகள் இரண்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பொலியெஸ்டர் நூலோடு சிறிதளவு ஸ்பான்டெக்ஸ் கலந்து பின்னிய துணி அது. எந்த அளவுக் கதிரைக்கும் இழுபட்டுப் பொருந்தும், துவைத்தால் விரைவாகக் காய்ந்துவிடும். ஆனால் எங்கள் கதிரைகளுக்கு அது உதவவில்லை. உரியாத இடங்களில் வழுவழுப்பாக இருந்த படலத்தின் மேல் உறை நகர்ந்து நகர்ந்து, மதியத்துக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மின்சாரம் தடைப்பட்ட ஒரு பிற்பகலில் அதில் அமர்ந்திருந்தவர், முதுகு வெந்துவிடும்போல் இருக்கிறது என்று எழுந்துவிட்டார். இரண்டாவது வாரம் முடிவதற்குள், இழுபட்ட பின்னலின் கண்கள் வழியே கறுப்புச் செதில்கள் மீண்டும் வெளியே வரத் தொடங்கின. தோல் உரியாத, துணி போர்த்திய கதிரைகளுக்கும் நாள் முழுவதும் குளிராக இருக்கும் அறைகளுக்கும் இந்த உறைகள் போதும் என்பது என் கருத்து. உரிந்த கதிரைக்குப் போதாது.

உரிந்த கதிரைக்கு இரண்டு உறைகள் வேண்டும் என்பதை நாங்கள் அனுபவத்தில்தான் கற்றோம். தலையணைக்கு உள்ளே ஒரு துணியும் வெளியே ஓர் உறையும் இருப்பதைப்போல, கதிரைக்கும் உள்ளுறை ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். முதலில் காய்ந்த தூரிகையால் தேய்த்து, உதிரக்கூடிய செதில்களையெல்லாம் உதிர்த்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கும் படலத்தை நகத்தால் உரிக்கப் போனால் வேலை முடியவே முடியாது, அதை அப்படியே விட்டுவிடலாம். அதன் பிறகு, நெருக்கமாக நெய்த பழைய பருத்திப் படுக்கை விரிப்பை வெட்டி இருக்கையின் மேல் இறுக்கமாக இழுத்து, அடிப்பலகையில் பின் அடிக்க வேண்டும். மீந்த செதில்கள் இந்தத் துணிக்குள் அடங்கிவிடுகின்றன. வெளியுறை நகராமல் பற்றிக்கொள்ளவும் இந்தத் துணியே உதவுகிறது, ஏனென்றால் பருத்தியின் மேல் பருத்தி வழுக்குவதில்லை.

வெளியுறைக்குத் துணி தேடிப் புறக்கோட்டைக்குப் போனோம். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் மீந்துபோகும் துணிச் சுருள்கள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். காற்சட்டை தைக்கும் பருத்தி டுவில், டெனிம், கன்வஸ் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். கன்வஸ் உழைக்கும், ஆனால் விறைப்பானது, மூலைகளில் மடிய மறுக்கும். டெனிமில் நீலம் கழன்று வெள்ளைச் சட்டையில் ஏறும் அபாயம் உண்டு. மருதமுனைக் கைத்தறித் துணியில் எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. ஆயினும் நாள் முழுவதும் உராயும் இருக்கைக்கு அதன் நெசவு தாங்காது என்று பட்டதால், வரவேற்பறைக் கதிரைகளின் முதுகுக்கு மட்டும் பிறகு வாங்கலாம் என்று வைத்துவிட்டேன். கடைக்கார நானா டுவில் சுருள் ஒன்றை விரித்து, "இது உழைக்கும் தங்கச்சி, ஆனால் தைக்க முந்தி ஒருக்கா நனைச்சிடுங்கோ" என்றார். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நனைத்து, துணியின் மேல் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பார்க்க அவர் தடை சொல்லவில்லை. சாம்பல் நிறத் துணியில் சாயம் ஒட்டவில்லை, கறுப்பில் இலேசாக ஒட்டியது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் வந்து அமரும் இடத்துக்குத் துணி வாங்குபவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நானா சொன்னதை முதல் உறையில் நான் பின்பற்றவில்லை. அவசரத்தில் நனைக்காமலே தைப்பித்தேன். ஒரே சலவையில் அது சுருங்கி, இருக்கையின் அடிவரை எட்டாமல் போனது. பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கக்கூடும் என்பதால், இருபது அங்குல இருக்கையில் அது ஓர் அங்குலம். கதிரை உறைக்கு ஓர் அங்குலம் மிகப் பெரிய குறை. மீதித் துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அழுத்திய பிறகே வெட்டினோம்.

எங்கள் இருக்கைகள் ஏறக்குறைய இருபது அங்குல அகலம், மூன்றரை அங்குலத் தடிப்பு. பக்கங்களில் இறங்கி அடியில் மூன்று அங்குலம் மடிவதற்கும் சேர்த்து, முப்பத்துமூன்று அங்குலச் சதுரம் தேவைப்பட்டது. முதுகுக்கு இருபத்திரண்டுக்கு இருபத்தாறு அங்குலத்தில் இரண்டு துண்டுகள். அறுபது அங்குல அகலத் துணியில் ஒரு கதிரைக்கு ஒன்றரை மீற்றர் பிடிக்கும். இரண்டு கதிரைகளுக்குச் சேர்த்து வெட்டினால் ஏறக்குறைய 2.35 மீற்றரில் முடிந்துவிடும், கைப்பிடி உறைகள் வெட்டுத் துண்டுகளிலேயே வந்துவிடும். சுருக்கத்தையும் கணக்கில் எடுத்து, பதினொரு கதிரைகளுக்கு ஒரு தொகுதிக்கு 14 மீற்றர் என்று இரண்டு தொகுதிக்கு 28 மீற்றர் வாங்கினோம்.

காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வீட்டிலேயே தைக்கும் அக்கா ஒருவர்தான் உறைகளுக்கு வடிவம் கொடுத்தார். கதிரையொன்றை முச்சக்கர வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. பழைய பத்திரிகைத் தாளை இருக்கையின் மேல் விரித்து, விளிம்புகளில் விரலால் அழுத்தி மடித்து, அந்த மடிப்பையே வெட்டு வடிவமாக எடுத்துக்கொண்டார். விளிம்பில் இலாஸ்டிக் வைக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். "இலாஸ்டிக் வெக்கைக்கும் தோய்ச்சலுக்கும் கெதியாச் செத்துப்போகும், நாடா போடுவம்" என்று சொல்லி, உள்பாவாடைக்குக் கோப்பதைப்போல விளிம்பை மடித்துத் தைத்து அதற்குள் நாடாவைக் கோத்தார். இழுத்து முடிச்சிட்டால் உறை இருக்கையின் அடியில் இறுகிவிடும், நாடா நைந்துபோனால் நாடாவை மட்டும் மாற்றலாம். கதிரையின் உயரத்தை மாற்றும் நெம்பு இருக்கும் பக்கத்தில் விளிம்பை வளைவாக வெட்டி வழிவிட்டார். நாடாவின் நுனிகள் தொங்கிச் சில்லில் சிக்காமல், அவற்றைச் செருகுவதற்குச் சிறு பையொன்றும் வைத்தார். அது நான் கேட்காமலே அவர் சேர்த்தது, இன்று அதன் அருமை தெரிகிறது.

முதுகுக்குத் தலையணை உறையைப்போலத் தைத்து, கீழ் வாயில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி. காட்டில் நடந்து வந்தபின் தன் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த முட்காய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதைப்போல ஒட்டும் பட்டியை ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் உருவாக்கினார். நாயுருவிப் பற்றைக்குள் நடந்தவர்களுக்கு அது எப்படி ஒட்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துவைக்கும்போது பட்டியின் இரு பாதிகளையும் ஒட்டிவிட வேண்டும். திறந்தபடி போட்டால், கொக்கிப் பக்கம் மற்றத் துணிகளின் பஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு, சில சலவைகளிலேயே ஒட்டும் வலிமையை இழந்துவிடும்.

உறையால் முடியாதவையும் உண்டு. இரண்டு கதிரைகளில் ஸ்பொஞ்ச் அமிழ்ந்து, அமர்ந்தால் பலகை முட்டியது. உறை போட்டால் அந்தக் குழி கண்ணுக்கு மறையும், இடுப்புக்கு மறையாது. அவற்றுக்குப் புது ஸ்பொஞ்ச் வெட்டி வைத்த பின்னரே உறை போட்டோம். அமர்ந்தவுடன் தானாகக் கீழே இறங்கும் கதிரையொன்றை ஒதுக்கி வைத்தோம். அதன் தண்டுக்குள் அழுத்தத்தில் அடைத்த வாயு இருப்பதால், அதைத் திறந்து திருத்த முயலக்கூடாது, முழுத் தண்டையும்தான் மாற்ற வேண்டும். வலை முதுகுள்ள கதிரைகளுக்கு நான் உறை போடமாட்டேன். காற்றுப் போவதற்காகவே செய்த வலையைத் துணியால் அடைப்பதில் பொருளில்லை.

இப்போது ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறைக்கும் முதல் நாள் மாலையில் உறைகளைக் கழற்றி மறு தொகுதியைப் போடுகிறோம். ஒரு கதிரைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் டுவில் ஒரு நாளில் காயாது. மொட்டைமாடியை நம்பாமல் உள்ளே கயிறு கட்டி மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் விடுகிறோம், ஈரம் முற்றாகப் போகாமல் மடித்து வைத்தால் புழுங்கல் மணம் பிடித்துவிடும். உறையின் உட்புறத்தில் கதிரையின் இலக்கத்தை அக்கா சிவப்பு நூலால் தைத்துத் தந்திருக்கிறார், ஏனென்றால் ஒன்றாக வாங்கிய கதிரைகளாயினும் ஆறாண்டு உழைப்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அமிழ்ந்திருக்கிறது, நான்காம் இலக்க உறை ஏழாம் கதிரைக்குச் சரிவராது. அந்த முதியவர் இவ்வாண்டுக் கணக்குகளோடு மீண்டும் வருவார். வாசலுக்கு அருகிலுள்ள இரண்டாம் இலக்கக் கதிரைக்கு, துவைத்துக் காய்ந்த உறையை அன்று காலையில் போட்டு வைப்பேன்.