கலண்டர் என்று ஒரு கோப்பு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில், இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரருக்காக ஜாங்கோவில் (பைதன் நிரல்மொழியில் இணையத்தளம் கட்டும் சட்டகம்) ஒரு தளம் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர் திறப்பு என்று காட்ட வேண்டும்; முதல் நாள் பின்னேரமே எஸ்எம்எஸ் போக வேண்டும். சிறுபோகத்தில், மழை குறைந்த அந்தப் பருவத்தில், குளத்து நீரை அளந்துதான் விடுவார்கள். ஒரு முறை தவறினாலும் பயிர் வாடும்.

அட்டவணையை ஒரு தம்பி எழுதினார், எஸ்எம்எஸ் என் பொறுப்பு. இரண்டு பேரின் நிரலையும் கிட் என்ற பதிப்புக் கருவியில் சேர்த்த அன்று சர்வர் எழும்பவே இல்லை. கலண்டர் என்ற மொடியூலிலிருந்து (நிரல் கோப்பிலிருந்து) ‘டைம்ஜிஎம்’ என்ற பெயரை இம்போர்ட் செய்ய, அதாவது எடுத்துவர, முடியவில்லை என்றது பைதன்.

“அண்ணை, என்ரை லப்டொப்பில வடிவா ஓடினது” என்றார் தம்பி. முகம் வாடிவிட்டது. அவர் சொன்னது உண்மைதான். என்னுடையதிலும் ஓடியது.

எஸ்எம்எஸ் பகுதிக்கு நான் எடுத்த ரிக்குவெஸ்ட்ஸ் என்ற வெளி நூலகம் பழுதாகியிருக்கும் என்று நினைத்து, நூலகங்கள் இருக்கும் விர்ச்சுவல் என்வை அழித்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கினேன். அதே பிழை. அப்புறம்தான் கடைசி வரியை முழுதாக வாசித்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்த பாதை பைதனுடையது இல்லை, எங்கள் புரொஜெக்ட் ஃபோல்டருடையது. தளத்தை ஓட்டும் மேனேஜ் கோப்புக்குப் பக்கத்திலேயே தம்பி தன் அட்டவணைக்குக் ‘கலண்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்.

பைதன் இம்போர்ட்டைத் தேடும்போது, ஓட்டிய கோப்பு இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். தன் சொந்த நூலகம் அதற்குப் பிறகு; அதிலும் கலண்டர் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ரிக்குவெஸ்ட்ஸ் பைதனின் குக்கிஜார் மொடியூலைக் கூப்பிட, குக்கிஜார் கலண்டரைக் கேட்க, கையில் கிடைத்தது வாய்க்கால் அட்டவணை. தம்பியின் லப்டொப்பில் ரிக்குவெஸ்ட்ஸ் இல்லை, என்னுடையதில் அந்தக் கோப்பு இல்லை.

சந்தேகமான மொடியூலின் ‘ஃபைல்’ மதிப்பை, அதாவது அது எந்தப் பாதையிலிருந்து வந்தது என்பதை, அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதையைக் கண்டதும் தம்பிக்கு விளங்கிவிட்டது. கோப்பை ஆப் ஃபோல்டருக்குள் நகர்த்தி, ‘போகம்’ என்று பெயர் மாற்றினார். அந்த வேலைக்கு முதலே பொருந்தியிருக்க வேண்டிய பெயர் அது. உடனே, தரவின் அமைப்பைச் சொல்லும் இரண்டு மாடல் கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்வதாக இன்னொரு பிழை வந்தது. ஒரு மாடலை இன்னொன்றோடு இணைக்கும் ஃபொரின் கீயில், மாடலின் கிளாஸுக்குப் பதிலாக அதன் பெயரை ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்தாக, கொடுத்தோம், சரி.

முதல் எஸ்எம்எஸ்ஸைத் தம்பி தன் அப்பாவுக்கு அனுப்பினார். வலதுகரையில் வயல் செய்பவர். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது: “தண்ணி காலமையோ, பின்னேரமோ?”

அட்டவணையில் நேரத்துக்கு இடமே விடவில்லை. தம்பி ‘போகம்’ கோப்பைத் திரும்பத் திறந்தார்.