சிம்பொனிக்குள் நுழைய பாட்காஸ்ட்: முதலில் அணைக்க வேண்டிய மூன்று வசதிகள்

பாட்காஸ்ட் செயலிகள் பேச்சைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. வேகத்தை 1.5 மடங்காக ஏற்றுவது, இடையில் வரும் மௌனத்தை வெட்டுவது, சன்னமான ஒலியைத் தூக்கிக் கொடுப்பது எல்லாம் பேச்சுக்கு நல்லது, இசைக்கு ஆகாது. மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பாட்காஸ்ட் வழியாக வருபவர்கள் முதலில் இந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

பேத்தோவனின் 5ஆம் சிம்பொனியையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட நான்கு பகுதிப் படைப்பு அது. மூன்றாம் பகுதியின் முடிவில் தந்திக் கருவிகள் மிக மெல்ல இழுத்துப் பிடித்திருக்க, டிம்பனி (பெரிய முரசு) அடங்கிய ஒலியில் தட்டிக்கொண்டே இருக்கும். சுமார் அரை நிமிடம் இப்படிப் போய், கடைசியில் சட்டென்று ஒலி பெருகி நான்காம் பகுதி வெடிக்கும். அதுவரை வாய் திறக்காத டிரம்போன்கள் (பித்தளை ஊதுகருவிகள்) அங்கேதான் முதன்முதலாகச் சேரும். ஒலியைத் தூக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அந்த மெல்லிய இடமும் வெடிப்பும் ஏறக்குறைய ஒரே ஒலியளவில் கேட்கும். உயிரே போய்விடும்!

எந்த எபிசோடைத் தேர்ந்தெடுப்பது? ஒரு துண்டை வாசித்துக் காட்டி, அதில் நடப்பதை விளக்கி, அதே துண்டை மறுபடி ஒலிக்கவிடுபவைதான் காதைப் பழக்கும். இசையமைப்பாளரின் காதலையும் கடனையும் மட்டுமே பேசுபவை சுவையாக இருக்கும், ஆனால் அடுத்த முறை கேட்கும்போது காதுக்கு எதுவும் பிடிபடாது.

முழுப் படைப்பும் பாட்காஸ்டில் பெரும்பாலும் வராது. பேத்தோவன் இறந்தது 1827இல். படைப்புக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதனால் எபிசோடைப் பாதியில் நிறுத்தி, இசைச் செயலியில் முதல் பகுதியை மட்டும் (ஏழெட்டு நிமிடம்) கேட்டுவிட்டுத் திரும்புங்கள். ‘5ஆம் சிம்பொனி’ என்று மட்டும் தேடினால் மாலர், சைக்கோவ்ஸ்கி, ஷோஸ்டகோவிச் எல்லாரும் வந்து நிற்பார்கள். ‘பேத்தோவன் ஓபஸ் 67’ என்று தேடுங்கள். ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண். அதேபோல மொஸார்ட்டின் படைப்புகளைத் தேட கே (K) எண், பாஹின் படைப்புகளுக்கு பி.டபிள்யூ.வி. (BWV) எண்.

இசைச் செயலியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்றாம், நான்காம் பகுதிகள் இடைவெளியே இல்லாமல் இணைந்தவை, ஆனால் இரண்டு டிராக்குகளாக இருக்கும். ஷஃபிள் (வரிசை மாற்றி ஒலிப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணைத்து, இடைவெளியில்லாத ஒலிப்பை இயக்கிவையுங்கள். ஒலியளவை நான்காம் பகுதியின் தொடக்கத்தை வைத்து அமைத்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள். மூன்றாம் பகுதி செல்லோவும் டபுள் பேஸும் கிசுகிசுப்பதில் தொடங்கும். போன் ஸ்பீக்கரில் இந்தத் தாழ்ந்த சுரங்கள் காணாமலே போகும். ஹெட்ஃபோனும் அமைதியான அறையும் வேண்டும்.

பழகியபின் வேறொரு இசைக்குழு நடத்துநரின் பதிவைத் தேடுங்கள். கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1974இல் செய்தது ஒன்று. ஒப்பிட முதல் சில விநாடிகளே போதும்: மூன்று குட்டைச் சுரங்கள், ஒரு நெட்டைச் சுரம். அந்த நெட்டைச் சுரத்தின் மேல் ஃபெர்மாட்டா குறி (சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்வது) இருக்கிறது. எவ்வளவு நேரம் பிடிப்பது என்று அந்தக் குறி சொல்வதில்லை. நடத்துநர்தான் முடிவு செய்கிறார். இரண்டாம் முறை வரும் நெட்டையைப் பேத்தோவனே ஒரு பார் (தாளத்தின் ஒரு கட்டம்) கூட்டி எழுதியிருக்கிறார். அந்த வித்தியாசம் உங்கள் பதிவில் கேட்கிறதா என்று பாருங்கள்.