40 மில்லிகிராம் ஊசி

கோவிட் ஐசியூவில் ரத்தம் உறையும் வேகத்தை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது டயாலிசிஸ் இயந்திரம்தான். நாள் முழுக்க ஓட வேண்டிய ஃபில்டர் சில மணி நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். மணிக்கட்டுத் தமனியில் போட்டிருக்கும் மெல்லிய குழாயான ஆர்டீரியல் லைனும் அப்படித்தான். "டாக்டர், ஏழாவது பெட்ல லைன் மறுபடியும் அடைச்சிருச்சு" என்று நைட் டியூட்டி சிஸ்டர்கள் கூப்பிடுவது 2020இல் வழக்கமாகிப்போனது.

அந்த ஏப்ரலில் நெதர்லாந்தின் மூன்று மருத்துவமனைகளிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐசியூவில் இருந்த 184 கோவிட் நோயாளிகளில் 31 பேருக்கு ரத்தக்கட்டியால் சிக்கல் வந்திருந்தது. அவர்களில் 25 பேருக்கு நுரையீரல் தமனியில் அடைப்பு. அத்தனை பேரும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக் குழாயின் உட்சுவர் பழுதாவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது என்று ரத்தக்கட்டி உருவாக மூன்று காரணங்களைக் கல்லூரியில் படித்திருக்கிறோம். மயக்க மருந்தில் அசையாமல் கிடந்த அந்த நோயாளிகளிடம் மூன்றும் ஒருசேர இருந்தன.

வென்டிலேட்டரில் இருப்பவரால் "கால் வலிக்குது" என்று சொல்ல முடியாது. நெஞ்சை அடைப்பதும் அவர் சொல்லி நமக்குத் தெரியப்போவதில்லை. வென்டிலேட்டரில் எதையும் மாற்றாதபோதே ஆக்சிஜன் அளவு சட்டென்று இறங்கும், நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் சரியும். எக்ஸ்ரே நேற்றைப் போலவே இருக்கும். அப்போதுதான் நுரையீரல் தமனியில் கட்டி அடைத்திருக்குமோ என்று சந்தேகிப்போம். அந்த நிலையில் சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அதனால் அல்ட்ராசவுண்டைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போவோம். இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு தொடையிடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிரையை ஸ்கேன் கருவியின் ப்ரோபால் அழுத்துவோம். நல்ல சிரை தட்டையாக மடங்கும். உள்ளே கட்டி இருந்தால் மடங்காது. கெண்டைக்கால் சுற்றளவை இன்ச் டேப்பால் தினமும் அளந்து, இரண்டு காலுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சொல்லும் சிஸ்டர்களும் எங்களிடம் இருந்தார்கள். குப்புறப் படுக்க வைத்த நோயாளிக்கு வயிற்றில் ஊசி போட முடியாது. 16 மணி நேரம் அப்படியே இருப்பார். திருப்பிப் படுக்க வைக்கும் வேளையோடு ஊசி நேரத்தைப் பொருத்தி வைத்ததும் அவர்கள் யோசனைதான். ஒரு வேளைகூடத் தவறாததற்குக் காரணம் அவர்கள்.

உறவினர்கள் போனில் முதலில் கேட்பது, "டி-டைமர் எவ்வளவு டாக்டர்? நேத்தைவிடக் கூடியிருக்கா?" ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் வரும் துணுக்கு அது. ஆனால் கடுமையான தொற்று, முதுமை, அறுவைசிகிச்சை எதிலும் ஏறும். அந்த எண்ணை வைத்து மட்டும் கட்டி இருக்கிறதென்று சொல்ல முடியாது என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. அப்படி விளக்குவதையும் நான் சிகிச்சையாகவே நினைக்கிறேன்.

ரத்தம் உறைவதைத் தடுக்க ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் எனாக்ஸாபரின் (ஹெப்பாரின் வகை ஊசி) போதாதென்று பலருக்கும் தோன்றியது. சிகிச்சைக்கான முழு அளவைக் கொடுத்துவிடலாமா என்று வார்டு ரவுண்ட்ஸில் வாக்குவாதமே நடக்கும். குடலிலோ மூளையிலோ ரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்பது எதிர்க்கேள்வி. 2021 ஆகஸ்டில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சோதனைகளின் முடிவு வந்தது. முழு அளவு ஹெப்பாரின் பெற்ற ஐசியூ நோயாளிகளில் 62.7 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். வழக்கமான தடுப்பு சிகிச்சை பெற்றவர்களில் 64.5 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு முழு அளவு பெற்றவர்களில் 3.8 சதவீதம், மற்றவர்களில் 2.3 சதவீதம். அதே முழு அளவு, ஐசியூ அளவுக்கு மோசமாகாத வார்டு நோயாளிகளுக்குப் பலன் தந்தது. கடும் நோயில் நுண்குழாய்கள் முன்பே அடைபட்டு, மருந்து தாமதமாகப் போய்ச் சேர்கிறதோ என்பது என் ஊகம். எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தின் நடுவே, யாருக்கு எந்த அளவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து சோதிக்கச் சம்மதித்த அந்த நோயாளிகளுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது கடுமையான இன்ஃப்ளூயன்சாவோடு வருகிறவர்களுக்கும் காலை ரவுண்ட்ஸில் இதையெல்லாம் கேட்கிறேன்: கடைசி ஊசி எப்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு, பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் கால்களை அசைத்தாரா. ட்ரக்கியாஸ்டமிக்காக (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் பொருத்துவது) ஒரு வேளை நிறுத்திய ஊசியை எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்பதை, நிறுத்தும்போதே சார்ட்டில் எழுதச் சொல்லிவிடுகிறேன்.